இரண்டு இரும்புகளுக்கு இடையில் ஒரு மரம்: அரிவாள் பிடியின் அறிவியல்

அரிவாளின் தரத்தைப் பற்றிய பேச்சு வழக்கமாக எஃகு, தோய்ச்சல், சாணை என்ற மூன்றையே சுற்றி வந்தாலும், தோப்பிலும் முள்காட்டிலும் நாள்முழுதும் உழைக்கும் ஓர் அரிவாள் முதலில் தளர்ந்துபோகும் இடம் பல நேரங்களில் அதன் அலகு அன்று. அலகின் வால்பகுதி பிடிக்குள் நுழைந்து நிற்கும் இரண்டு, மூன்று அங்குல நீளமே அவ்விடம். அலகு மழுங்கினால் அதைச் சாணைக்கல் சரிசெய்துவிடும். பிடி ஆடத் தொடங்கினாலோ வெட்டு குறிதவறுகிறது, அதை ஈடுகட்டக் கை மேலும் இறுக்கிப் பிடித்துச் சோர்கிறது, ஒருநாள் அலகே கழன்று பறக்கும் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. பிடிக்கு ஏற்ற பொருள் எது என்ற கேள்விக்குக் கடினமான மரம், விலையுயர்ந்த மரம் என்று விடை சொல்வது எளிது. ஆனால் ஒரு பொருள் ஈரத்தையும் வறட்சியையும் மாறிமாறிச் சந்திக்கும்போது என்ன ஆகிறது, அது எவ்வாறு பழுதடைகிறது, பழுதடைந்த பின் ஊர்ப் பட்டறையில் அதை மாற்ற முடியுமா என்பவற்றைக் கொண்டே அந்தத் தேர்வு அமைய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் இந்தக் கேள்விக்கு நல்ல ஆய்வுக்களம். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் தென்னையும் பலாவும் வாழையும் செறிந்த தோப்புகள் உள்ளன. கண்மாய்களிலும் தரிசுகளிலும் சீமைக் கருவேல முள்காடு படர்ந்திருக்கிறது. கோடை மாதங்களின் வறண்ட வெப்பத்தை அடுத்து, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் வந்துசேர்கிறது. மட்டை கழிக்கவும் முள் வெட்டவும் விறகு பிளக்கவும் ஒரே அரிவாள் பயன்படும் வீடுகள் இங்கு ஏராளம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இந்தத் தோப்புகளைச் சாய்த்தபோது, பாதையை மறித்துக் கிடந்த தென்னையையும் பலாவையும் அப்புறப்படுத்தும் வேலையில் இயந்திர வாள்களோடு அரிவாளும் கோடரியும் நாள்கணக்கில் ஓயாமல் உழைத்தன. வியர்வை, செம்மண் துகள், பலாப்பால், மழை, வெயில் ஆகிய அனைத்தையும் ஒரே பிடி தாங்க வேண்டிய வேலை அது.

அரிவாள் பிடியின் அமைப்பு பார்ப்பதற்கு எளிது. கடைசல் பிடித்த, அதாவது சுழற்றிச் செதுக்கி உருட்டிய, மரத்துண்டின் நடுவே நீளவாக்கில் துளையிடப்படுகிறது. அலகின் பின்புறம் ஒடுங்கி நீளும் வால் அதற்குள் செலுத்தப்படுகிறது. மரம் பிளக்காதிருக்க அதன் வாய்ப்பகுதியில் பூண் எனப்படும் இரும்பு அல்லது பித்தளை வளையம் இறுக்கப்படுகிறது. ஆக, உள்ளே வால், வெளியே பூண் என இரண்டு உலோகங்களுக்கு இடையில் மரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. உலோகம் ஈரத்தால் பருப்பதும் இல்லை, வறட்சியால் சுருங்குவதும் இல்லை. மரம் இரண்டையும் செய்கிறது. பிடி தளர்வதன் இயற்பியல் முழுவதும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே தொடங்குகிறது.

மரம் என்பது நீளமான நுண்குழாய்ச் செல்களின் கட்டு. அந்தக் குழாய்களின் சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது, அந்த இழைகளுக்கு இடையே நீர் மூலக்கூறுகள் புகுந்து தங்குகின்றன. உலர் எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு வரையிலான நீரைச் செல்சுவரே பிடித்துவைக்கிறது. இதற்கு இழைநிறைவு நிலை என்று பெயர். இதற்கு மேற்பட்ட நீர் குழாய்களின் வெற்றிடத்தில் வெறுமனே நிற்பதால் மரத்தின் அளவை மாற்றுவதில்லை. இதற்குக் கீழே நீர் குறையும்போதுதான் மரம் சுருங்குகிறது. அச்சுருக்கமும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. நீளவாக்கில் அது புறக்கணிக்கத்தக்கது. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் ஓரளவு நிகழ்கிறது. ஆண்டு வளையங்களின் போக்கான சுற்றுத்திசையிலோ ஆரத்திசையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. தேக்கில் பச்சை நிலையிலிருந்து முழு உலர்நிலை வரை ஆரத்திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுற்றுத்திசையில் 6 விழுக்காட்டை ஒட்டியும் சுருக்கம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 35 விழுக்காடாக இருக்கும் வறண்ட கோடையில் மரத்துள் தங்கும் நீர் 7 விழுக்காட்டை ஒட்டியும், ஈரப்பதம் 85 விழுக்காட்டை எட்டும் மழைக்காலத்தில் 17 விழுக்காட்டை ஒட்டியும் அமைகிறது. இந்தப் பத்துப் புள்ளி வேறுபாடே தேக்குப் பிடி ஒன்றின் குறுக்களவைச் சுற்றுத்திசையில் ஏறக்குறைய 2 விழுக்காடு மாற்றிவிடும். 35 மில்லிமீட்டர் பருமனுள்ள பிடியில் இது முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. பூண் கழன்று விழ அது போதும்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோடரியிலும் மண்வெட்டியிலும் மரம் இரும்பின் கண்ணுக்குள் நுழைந்திருக்கிறது. எனவே உலர்ந்து சுருங்கினால் தளர்கிறது, நனைந்து பருத்தால் இறுகுகிறது. அரிவாளில் இரும்பு மரத்துக்குள் நுழைந்திருக்கிறது. பூண் இல்லாத அரிவாள் பிடியில் மரம் பருக்கும்போது நடுத்துளையும் அதே விகிதத்தில் விரிவதால், நனைந்தால் தளரும், உலர்ந்தால் வாலை நெரித்துப் பிளக்கும். பூண் சேர்ந்தவுடன் நிலைமை மீண்டும் மாறுகிறது: வெளிப்புறம் பருக்க இடமில்லாத மரம் உட்புறமாகத் தள்ளி வாலை அழுத்துகிறது, இரு பக்கமும் அசையாத உலோகத்தின் நடுவே செல்சுவர்கள் நசுங்குகின்றன. நசுங்கிய செல்கள் பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை என்பதால், அடுத்த கோடையில் மரம் முன்பிருந்த அளவைவிடவும் சிறிதாக உலர்கிறது. மர அறிவியலில் இது அமுக்க நிலைப்பு எனப்படும். ஆடும் பிடியை இரவு முழுதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து இறுக்கும் பழக்கம் காலையில் பலன் தருவதுபோலத் தோன்றி, சில வாரங்களில் ஆட்டத்தை அதிகமாக்குவதன் காரணம் இதுவே. அவசரத்துக்கு உதவும் இந்த முறையைப் பராமரிப்பாகக் கொள்வது பிடியின் ஆயுளைக் குறைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

எனவே பிடி மரத்தின் முதல் தகுதி, அது எவ்வளவு குறைவாகச் சுருங்குகிறது என்பதாகும். இந்தத் தகுதியில் முன்நிற்கும் மரம் புதுக்கோட்டையின் தரிசெங்கும் வேண்டாத செடியாக நிற்கிறது. மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த சீமைக் கருவேலம் 1877-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நீர்நிலைகளை ஆக்கிரமிக்கும் அயல் தாவரமாக இன்று அடையாளம் காணப்பட்டு அகற்றப்பட்டும் வருகிறது. இதன் நெருங்கிய உறவான வட அமெரிக்க மெஸ்கீட் மரத்தில் சுருக்கம் ஆரத்திசையில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு, சுற்றுத்திசையில் 3 விழுக்காட்டை ஒட்டியது. உலகின் கடின மரங்களுள் இவ்வளவு நிலையானவை மிகச் சிலவே. சீமைக் கருவேலத்தின் வயிரப்பகுதியும் அடர்த்தியும் நிலைப்பும் உடையது. அதன் குறை வேறிடத்தில் உள்ளது: விறகுக்காக வெட்டுண்டு புதராக வளரும் இம்மரத்தில் நேரான, கணுவற்ற ஒரு முழ நீளம் கிடைப்பது அரிது. அடர்ந்த தூர்களில் தேடி எடுத்தால் அரிவாள் பிடிக்கு வேண்டிய ஆறு அங்குலம் கிடைத்துவிடும் என்பதால், கரிமூட்டத்துக்கே போகும் இம்மரத்தைப் பிடித்தொழில் இன்னும் கூடுதலாகக் கவனிக்க இடமிருக்கிறது.

நாட்டுக் கருவேலம் பழைய நம்பிக்கைக்குரிய மரம். ஏரும் வண்டிச்சக்கரமும் கருவியின் பிடியும் இதனால் செய்யப்பட்டதற்கு அதிர்ச்சியைத் தாங்கும் அதன் இழைவலிமையே காரணம். ஆனால் கருவேலத்தில் நிறைந்துள்ள டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள், ஈரம் பட்டவுடன் இரும்போடு வினைபுரிந்து கருநீல உப்பாகிறது. பழைய பிடியைப் பிளந்தால் வாலைச் சுற்றி மை படிந்ததுபோல் தெரியும் கருமை இதுதான். அந்த வினை வாலையும் அரிக்கிறது, அருகிலுள்ள செல்லுலோசையும் நொறுங்கச் செய்கிறது. வாலுக்கு எண்ணெயோ மெழுகோ பூசிய பின் பொருத்துவதும், துளைவாயில் இடைவெளி விடாமல் அரக்கால் அடைப்பதும் இவ்வினையைப் பெருமளவு தடுக்கும். பழுக்கக் காய்ச்சிய வாலைத் துளைக்குள் செலுத்தி வழியை எரித்துக்கொள்ளும் பட்டறை முறையில் துளையும் வாலும் அச்சாகப் பொருந்துகின்றன. இருப்பினும் நெடுநேரம் எரியவிட்டால் உட்சுவரில் தங்கும் கரி, அடிபட அடிபடப் பொடிந்து அதுவே ஆட்டத்துக்கு வழிவிடும். முதலில் சிறிய துளையிட்டு, கடைசி ஒரு மில்லிமீட்டரை மட்டும் எரித்துப் பொருத்துவதே சிறந்த நடைமுறை.

எந்த மரமாயினும் வெள்ளைப்பகுதி எனப்படும் வெளிமரத்தை விலக்க வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை உண்ணும் துளைவண்டுகள் ஓராண்டுக்குள் அதைத் தூளாக்கிவிடக்கூடும். வெட்டிய மரத்தைக் குளத்தில் மாதக்கணக்கில் ஊறப்போட்டுப் பின் நிழலில் உலர்த்தும் பழைய வழக்கம், அந்த மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதால் அறிவியலுக்கு முற்றிலும் உடன்பட்டது. தைல மரம் புதுக்கோட்டையில் பரந்த தோட்டங்களாக வளர்க்கப்பட்டு மலிவாகக் கிடைப்பினும், இளம் மரம் உலரும்போது முறுக்கிக்கொண்டு வெடிப்பதால் நன்கு உலர்த்தப்படாத தைலப் பிடியை வாங்காதிருப்பது நல்லது.

சுருக்கத்துக்கு அடுத்தபடி இழையின் போக்கு முக்கியமானது. சொல்லப்போனால், மரத்தின் இனத்தைவிட இது சில நேரங்களில் கூடுதலாகத் தீர்மானிக்கிறது. இழையின் நீளவாக்கில் மரம் தாங்கும் இழுவிசையில் குறுக்குவாக்கில் அது தாங்குவது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். பத்து அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இழை சாய்ந்திருந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் திறன் நேரிழை மரத்தின் 62 விழுக்காடாகவும், ஐந்துக்கு ஒன்று என்று சாய்ந்திருந்தால் 36 விழுக்காடாகவும் வீழ்ந்துவிடுகிறது என்பது அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் தொகுத்த அளவீடு. கடைசல் எந்திரம் எந்த மரத்துண்டையும் அழகாக உருட்டிவிடும். உள்ளே இழை எவ்வாறு ஓடுகிறது என்பதை அது மறைத்தும்விடும். வாங்குபவர் பிடியின் பக்கவாட்டில் இழைக்கோடுகள் முனையிலிருந்து முனைவரை ஓடுகின்றனவா, நடுவிலேயே விளிம்பைத் தொட்டு வெளியேறுகின்றனவா என்று பார்த்தாலே போதும். அமெரிக்கக் கோடரிப் பிடிகளுக்குப் புகழ்பெற்ற ஹிக்கரி மரம் சுற்றுத்திசையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் சுருங்குவது. ஆயினும் அதன் நேரான நீண்ட இழைகள் அதிர்ச்சியை உடையாமல் வளைந்து வாங்குவதால், முழுமையாக உலர்த்திய பின் பொருத்தும் கண்டிப்போடு அது முதலிடத்தில் நிற்கிறது.

பனையும் தென்னையும் வேறு வகை. இவற்றில் ஆண்டு வளையமும் இல்லை, சுற்றிக் கட்டும் குறுக்கிழைகளும் இல்லை. மென்மையான நிரப்புத் திசுவில் கருநிறக் குழாய்க்கற்றைகள் நீளவாக்கில் பதிந்திருக்கின்றன, அவையும் வெளிவட்டத்திலேயே நெருக்கமாக உள்ளன. முற்றிய பனையின் வெளிவயிரம் கூரைச் சட்டமாகப் பல தலைமுறை நின்றாலும், பிடியாகும்போது கற்றைகள் ஒன்றைவிட்டொன்று பிரிந்து உள்ளங்கையில் சிராய் ஏற்றுகின்றன. கஜாவில் வீழ்ந்த தென்னைகளின் மரம் மலிவாகக் கிடந்தும் கைக்கருவிக்கு அவ்வளவாக உகந்ததன்று என்பதற்கு இந்த உள்ளமைப்பே காரணம்.

புதுக்கோட்டை வட்டாரக் கோயில் காடுகள் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்ற அரிய வகையின் எச்சங்கள். மரமடக்கி போன்ற ஊர்களின் காடுகள் தாவரவியல் ஆய்வுகளில் விரிவாகப் பதிவாகியுள்ளன. அங்கே வளரும் உலக்கைப் பாலையின் வயிரம் நீரில் மூழ்குமளவு அடர்த்தியானது. உலக்கைக்கும் செக்குக்கும் அது புகழ்பெற்றது. ஆயினும் இத்தகைய மரங்களைப் பிடிக்காக நாடுவது இரு வகையில் தவறு. முதலாவது, வெட்டக்கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டால் மட்டுமே இக்காடுகள் பிழைத்திருக்கின்றன. இரண்டாவது, அடர்த்தி கூடக்கூடப் பிடியின் எடை கையருகே குவிந்து, முனையில் எடை இருக்க வேண்டிய அரிவாளின் வீச்சு கெடுகிறது. அழகிய மஞ்சள் வயிரமுடைய பொரச மரத்தையும் இங்கே குறிப்பிடலாம்: அதன் தூளும் வியர்வையில் கரையும் அதன் வேதிப்பொருளும் சிலருக்குத் தோலழற்சி தருகின்றன, நாள்முழுதும் உள்ளங்கையோடு ஒட்டியிருக்கும் பொருளுக்கு இது பெருங்குறை. மரத்தின் கடினம் மட்டுமே போதுமானதாக இருந்த கருவி இந்தச் சீமையில் ஒன்று உண்டு. இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் புதுக்கோட்டைத் திவான் வழங்கிய குறிப்பு விவரிக்கும் வளரி என்னும் வீசுகருவி, கடின மரத்தால், சில நேரம் இரும்பால், ஒரே துண்டாகச் செய்யப்பட்டது. அதில் மூட்டே இல்லாததால் தளர்வதற்கும் எதுவும் இல்லை.

வெட்டின் அதிர்ச்சி கையை அடையும் விதம் பிடியின் பொருளை மட்டும் சார்ந்ததன்று. ஒரு முனையில் பிடித்துச் சுழற்றப்படும் கோல் ஒன்று, அடிமையம் எனப்படும் ஒரு புள்ளியில் இலக்கைத் தாக்கினால் பிடித்த கையில் உதறல் ஏற்படாது. சீரான கோலில் அது நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் இருக்கிறது, முனை கனத்த அரிவாளில் இன்னும் முன்னே நகர்கிறது. வளைந்த அரிவாளின் வயிறும் நேபாளக் குக்ரியின் அகன்ற முன்பகுதியும் வெட்டும் இடம் இதற்கு அருகே அமைவதால்தான் அவற்றை நெடுநேரம் வீச முடிகிறது. இதைத் தவிர, தாக்குண்ட கருவி நெடுக அதிரவும் செய்கிறது. சீரான கோலின் அடிப்படை அதிர்வில் இரு முனைகளிலிருந்தும் நீளத்தின் 22 விழுக்காட்டுத் தொலைவில் அசையாப் புள்ளிகள் உள்ளன, கை அப்புள்ளியை ஒட்டிப் பிடிக்குமாறு பிடியின் நீளம் அமைந்தால் எரிச்சலூட்டும் அதிர்வு பெரிதும் குறையும். மீதமுள்ள அதிர்வை உள்வாங்கி வெப்பமாக மாற்றும் திறனில் மரம் எஃகைவிடப் பல மடங்கு மேலானது. இரும்புக் குழாயைப் பற்றவைத்த பிடிகள் ஒருபோதும் கழலாதவை என்று பாராட்டப்படுவது உண்மையே. ஆனால் அவை அதிர்வு முழுவதையும் மணிக்கட்டுக்கு அனுப்புகின்றன, மரத்தைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துவதால் மே மாத வெயிலில் தொட முடியாதபடி சுடுகின்றன, வியர்வையில் வழுக்கவும் செய்கின்றன. அவற்றின்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றுவது பாதித் தீர்வு. டியூபுக்கு அடியில் வியர்வை தேங்கித் துரு பிடிப்பது கண்ணில் படுவதில்லை.

செயற்கைப் பொருள்கள் ஈரப் பிரச்சினையை வேரிலேயே தீர்க்கின்றன. லியோ பேக்லண்டு 1907-இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் வினைபுரியச் செய்து பேக்லைட்டை உருவாக்கினார். பிரஷர் குக்கரின் கறுப்புப் பிடி இன்றும் அதன் வகைதான். வெப்பம் தாங்கும் இப்பொருள் தனியே நொறுங்குந்தன்மை உடையது, கல்லில் விழுந்தால் உடையும். அதே பிசினில் துணி அல்லது தாள் அடுக்குகளைத் தோய்த்து அழுத்தினால் நொறுங்காத தகடு கிடைக்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 1910-ஐ ஒட்டி மின்காப்புக்காகச் செய்த மைகார்ட்டா அத்தகையது, இன்று உலகெங்கும் கடின உழைப்புக் கத்திகளின் பிடியாக விளங்குகிறது. இந்திய மின்பணியாளர்கள் ஹைலம் ஷீட் என்று அறிந்திருக்கும் பழுப்புத் தகடு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வால் பிடியின் முழு அகலத்துக்கும் நீண்டு, இருபுறமும் தகடு வைத்து ஆணி அடிக்கும் அமைப்புக்கு அது நன்கு பொருந்தும். கண்ணாடியிழை சேர்ந்த எப்பாக்சித் தகடு இன்னும் வலியது, ஆனால் அதை அறுக்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் முகமூடியும் நீர்த்தெளிப்பும் இல்லாத பட்டறையில் அதைத் தொடாதிருப்பதே நன்று. 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்ற கா-பார் கத்தியின் பிடி, தோல் வட்டங்களை அடுக்கி அழுத்தியது. உலர்நிலத்தில் அருமையான பற்று தரும் தோல், மழைநாட்டில் பூஞ்சை பிடித்துச் சுருங்கும்.

மரத்தையும் பிசினையும் இணைக்கும் வாய்ப்பு ஒன்று புதுக்கோட்டைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. ஆதனக்கோட்டை முந்திரிக்குப் பெயர்பெற்றது. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் உள்ள கரிய எண்ணெய் வேதியியலின்படி ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்தது. சூடாக்கும்போது அதன் முதன்மைக் கூறான அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறுகிறது. கார்டனால், பேக்லண்டின் ஃபீனாலைப் போலவே ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து கெட்டிப் பிசினாகும் என்பதால் வாகன பிரேக் பட்டைகள் முதல் மேற்பூச்சுகள் வரை பயன்படுகிறது. படகின் பலகைக்கு நீர்புகாப் பூச்சாக இந்த எண்ணெயைத் தடவுவது கடற்கரையில் நெடுநாள் வழக்கம். பச்சை எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும், ஆகவே அதை அப்படியே பிடியில் பூசுவது ஆபத்து. முழுமையாகப் பிசினாகி இறுகிய பின்னரே அது கைக்குப் பாதுகாப்பானது. முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு மரத்தின் பாலை ஜப்பானியர் இவ்வாறே இறுகச் செய்து, வாளுறைகளை ஈரத்திலிருந்து காத்தனர்.

பூச்சில்லாத சாதாரண மரப்பிடிக்கு எண்ணெய் தேர்வதிலும் வேதியியல் உண்டு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்லிய திடப்படலமாகிறது. தேங்காய் எண்ணெய் ஒருநாளும் அவ்வாறு உலராது, மரத்துள் ஊறி நின்று வியர்வையோடு வழுக்கும். கடையில் பளபளக்கும் வார்னிஷ் பிடியோ வியர்வையைத் துளைகளுக்குள் வாங்காமல் மேற்பரப்பிலேயே நிறுத்துவதால் கொப்புளம் எழுப்புகிறது. வாங்கியவுடன் உடைந்த கண்ணாடி விளிம்பால் அதைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக இருமுறை தேய்த்து, முறைக்கு மூன்று நாள் நிழலில் உலரவிட வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதால் விரித்துக் காயப்போட வேண்டும். பிடியின் பின்முனையில் இழைகள் வெட்டுண்டு தெரியும் வட்டத்தில் மட்டும் எண்ணெயை மீண்டும் மீண்டும் ஊறவிட வேண்டும். நீளவாக்கில் ஓடும் குழாய்களின் வாய்கள் திறந்திருப்பது அங்கேதான், பிடிக்குள் ஏறும் மழைநீரில் பெரும்பங்கு அந்த வழியாகவே ஏறுகிறது.